எதிரே உட்கார ஓர் ஆள்

என் புத்தகங்கள் எல்லாவற்றின் அட்டையிலும் ஒரு ஜன்னல் இருக்கும். கதை ரயிலில் நடந்தாலும் ஜன்னல், ஆஸ்பத்திரியில் நடந்தாலும் ஜன்னல். ஒரு முறை வேண்டுமென்றே நடுக்கடலில் கப்பலில் நடக்கும் நாவலை எழுதிக் கொடுத்தேன். இப்போது என்ன செய்கிறார்கள், பார்க்கலாம் என்று இருந்தேன். கப்பலுக்கும் ஜன்னல் உண்டு என்பது அட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வரைகிறவர் என் பதிப்பாளரின் மைத்துனர். அவருக்கு வேறு எதுவும் வரைய வராது. "ஆளை மாத்துங்க சார்" என்று கேட்டதற்கு, "மைத்துனனை மாத்தணும்னா முதல்ல பொண்டாட்டியை மாத்தணும்மா. இந்த வயசுல அதெல்லாம் ஆகற காரியமா?" என்றார் பதிப்பாளர். 

பதிப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். முன்னறையில் கட்டுக்கட்டாகப் புத்தகம். பின்னறையில் அவர் மேசை, அவர் நாற்காலி, எதிரே எழுத்தாளர் நாற்காலி. எழுத்தாளர் நாற்காலியின் ஒரு கால் குட்டையாகிவிட்டதால், அதற்கு என் இரண்டாவது நாவலை முட்டுக்கொடுத்திருக்கிறார். சரியாகப் பொருந்தியிருக்கிறது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாவலை எழுதி அச்செடுத்துக்கொண்டு போனால், "வெச்சுட்டுப் போம்மா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்ல மாட்டார். எதிரே உட்கார வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை தானே உரக்க வாசிப்பார். மனசுக்குள் படிக்க அவருக்கு வராது. ஆளில்லாத அறையில் உரக்கப் படித்தால் தனக்கே பயமாக இருக்கிறதாம். அத்தியாயம் முடியும் வரை எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு பென்சில் கோடு. கொட்டாவி வந்தால் இரண்டு கோடு. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டால் அந்தப் பக்கம் தேறிவிட்டது என்று அர்த்தம். நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதின இடத்தில் அவர் வாய் பிளந்து கொட்டாவி விடுவதைப் பார்த்தால், எழுந்து கழுத்தை நெரிக்கலாமா என்று இருக்கும்.

வாசிப்பதோடு சரி. அதற்குப் பிறகு போனை எடுக்க மாட்டார். புத்தகத்தை நாலு கடைக்கு அனுப்புவார். ஐந்தாவது கடைக்காரர் தானாகக் கேட்டால், "இவன் எதுக்குக் கேக்கறான்?" என்று சந்தேகப்படுவார். இத்தனைக்குப் பிறகும் நான் அவரை விட்டுப் போகவில்லை. நான் போய்விட்டால் பாவம், அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இந்த நிலைமையில்தான் டிரைவிங் ஸ்கூல் நாவலை எழுதி முடித்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு பெண். அவளைப் பிரிந்துபோன புருஷன், கற்றுக்கொடுப்பது யார் என்று தெரியாமலே அவளிடம் மாணவனாக வந்து சேர்கிறான். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கதை முழுக்க அவள் கால் அந்தப் பிரேக்கின் மேல்தான். இதற்காக நானே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தேர்வில் தோற்று, மறுபடியும் தோற்று, சொல்லிக்கொடுத்தவர் என்னைக் கண்டாலே கும்பிடு போடும் வரை விடவில்லை. எழுதி முடித்தபோது, இதுவரை எழுதியதெல்லாம் இதற்கு ஒத்திகை என்று தோன்றியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கும் அது தெரியும், தெரிந்தும் தோன்றியது. இந்த ஒரு புத்தகமாவது நாலு கடையோடு நின்றுவிடாமல், முகம் தெரியாதவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி.

அதை வீட்டில் வாய்தவறிச் சொன்னது தப்பாகப் போயிற்று. என் நாத்தனார் வந்திருந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். எதையும் விற்றுவிடுவாள். அவள் அண்ணனை என் தலையில் கட்டியதே அவள்தான். திருப்பிக் கொடுக்க முடியாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"அண்ணி, நீங்க இன்னும் குண்டுச்சட்டிக்குள்ளயே குதிரை ஓட்டிட்டு இருக்கீங்க" என்றாள். "பேசாம ஒரு ஏஜென்ட் வெச்சுக்கோங்க."

"எழுத்துக்கு எதுக்குடி ஏஜென்ட்? நான் என்ன வீடா விக்கறேன்?"

"வீட்டுக்காவது வாசல்னு ஒண்ணு இருக்கு, வர்றவங்க பார்ப்பாங்க. உங்க புத்தகத்துல வெறும் ஜன்னல்தானே இருக்கு."

பேப்பருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

அவள் விடவில்லை. அவளுடன் கல்லூரியில் படித்தவள் ஒருத்தி இந்த வேலையில்தான் இருக்கிறாளாம். நாவலை வாங்கிப் படித்து, எந்தப் பதிப்பகத்துக்குப் பொருந்தும் என்று பார்த்து, நமக்காக அவளே பேசுவாளாம். நாம் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

"அப்போ சாரு?" என்றேன்.

"எந்த சாரு?"

"என் பதிப்பாளர். நான் விட்டுட்டா அவர் என்ன பண்ணுவாரு?"

"அண்ணி, அவர் பதிப்பாளர். கைக்குழந்தை இல்ல."

நானும் யோசித்து யோசித்து, யோசிப்பதில் சலித்துப்போய், போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். உயரமான கட்டடத்தின் மேல்மாடியில் அலுவலகம். கீழே காபி வாங்க வந்திருந்த ஏஜென்ட், லிஃப்ட் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். முப்பது, முப்பத்தைந்து வயசு இருக்கும். காலில் ஓட்டப் பயிற்சிக்குப் போடுகிற ஷூ. "மேல போறதுக்குள்ள கதையைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். நான் கதாநாயகி காலையில் எழுந்திருப்பதிலிருந்து ஆரம்பித்தேன். லிஃப்ட் மேல்மாடியில் நின்றபோது என் கதாநாயகி இன்னும் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல, இன்னொரு தடவை கீழ போயிட்டு வருவோம்" என்றாள் ஏஜென்ட், சிரிக்காமல். இரண்டாவது முறை மேலே வரும்போது புருஷன் காரில் ஏறிவிட்டான். அவளும் காபியை மறந்துவிட்டாள்.

குறை சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. சொன்ன நேரத்துக்குப் போன் செய்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. எனக்கு இதெல்லாம் பழக்கமே இல்லை. முதல் தடவை அவளிடமிருந்து உடனே பதில் வந்தபோது ஏதோ விபரீதம் என்று பயந்துவிட்டேன். நாவலைத் தன் ஆட்களிடம் கொடுத்து, எல்லோரும் படித்துவிட்டார்கள், கடைசி அத்தியாயம் பிரமாதம், படமாகவே எடுக்கலாம் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பதிப்பாளர் என்னை ஒருநாளும் பிரமாதம் என்று சொன்னதில்லை.

"எங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு" என்றாள். "முதல்ல அனுப்பறப்போ எழுதினவங்க பேரை எடுத்துடுவோம். பேரைப் பார்த்து வாங்கறதும் கூடாது, பேரைப் பார்த்துத் தள்றதும் கூடாது. பிடிச்சிருக்குன்னு சொன்ன அப்புறம்தான் யாருன்னு சொல்வோம். எங்க லிஸ்ட்ல இருக்கற பதிப்பாளர் எல்லாருக்கும் போகும்."

சரி என்றேன். என் பதிப்பாளர் ஏதோ ஒரு லிஸ்டில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் பெயர் டயர் கடைப் பலகைக்குக் கீழேயே சரியாகத் தெரியாது.

இனி அவரிடம் என்ன சொல்வது? நேரில் போய், "சார், நான் வேற இடம் பார்க்கறேன்" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லத்தான் போனேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "அடுத்தது எப்பம்மா கொண்டு வரே?" என்று கேட்டாரா, என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கை வலி சார். மணிக்கட்டு. டாக்டர் எழுதவே கூடாதுன்னுட்டார்."

நான் வேலை பார்ப்பது கண் மருத்துவமனையில், முன் மேசையில். சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்களை வரிசையாகக் கண்மூடி உட்கார வைப்பது என் வேலை. அங்கே எந்த டாக்டரும் யார் மணிக்கட்டையும் பார்ப்பதில்லை. அது அவருக்குத் தெரியாததும் இல்லை. ஆனால் எதுவும் கேட்கவில்லை. முகம் வாடிப்போய், "கையைப் பார்த்துக்கோம்மா, நாவல் எங்க ஓடிடப் போகுது" என்றார். மறுநாள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை அனுப்பி வைத்தார். யார் போனையும் எடுக்காத மனுஷன், தானாகவே போன் செய்து வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவர் நம்பரைப் பார்த்தால், மணி நாலைந்து முறை அடித்த பிறகுதான் எடுப்பேன்.

அப்படி ஒரு போனில்தான் கேட்டார்.

"உனக்கு இப்போ எழுத்து வேலை இல்லைதானே? சாயங்காலம் கொஞ்சம் வந்து உக்காந்துட்டுப் போறியா? ஒரு நாவல் வந்திருக்கு. யாரோ ஏஜென்ட்டாம், அனுப்பியிருக்காங்க. எழுதினது யாருன்னு போடல. எழுதினவங்களை வரச்சொல்லி உக்கார வைக்கலாம்னா ஆளே தெரியல. எதிர்ல ஒரு ஆள் இல்லாம எனக்கு வாசிக்க வராதுன்னு உனக்குத் தெரியுமே."

"என்ன கதை சார்?" என்றேன். 

"கார் ஓட்டக் கத்துக்குடுக்கற பொம்பளையைப் பத்தி."

வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன் நாவலைப் பற்றித் தன் முகத்துக்கு நேரே, தான் யார் என்று தெரியாமல் ஒருவர் பேசப்போகிறார் என்றால் எந்த எழுத்தாளருக்காவது கால் வீட்டில் நிற்குமா? பட்டையைக் கட்டிக்கொண்டு போனேன்.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். நான் உட்கார்ந்திருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அந்தச் சாயங்காலங்களில்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் வாக்கியத்திலேயே நாக்குத் தடுக்கி ஒரு கோடு போட்டார். பொறுத்துக்கொண்டேன். முதல் அத்தியாயம் முடிந்ததும், "இந்த ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்" என்றார். அதையும் பொறுத்துக்கொண்டேன். என்னை உட்கார வைத்து வாசிக்கும்போது இதையெல்லாம் மனசுக்குள் நினைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார், பாருங்கள்.

"ஆம்பளைதான் எழுதியிருக்கான்" என்றார் அடுத்த நாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"கிளட்ச்சைப் பத்தி இவ்வளவு துல்லியமா எழுதியிருக்கானே. ஓய்வு பெற்ற என்ஜினியரா இருக்கும்."

"ஏன், பொம்பளைங்களுக்குக் கிளட்ச் தெரியாதா?"

"நீ ஓட்டுவியா?"

தேர்வில் தோற்ற கதையை எப்படிச் சொல்ல? "தெரியாது சார்" என்று அசடு வழிந்தேன். அன்றைக்கு வந்த கோபத்தில், மறுநாள் மறந்துபோய்ப் பட்டையை இடது கையில் கட்டிக்கொண்டு போய்விட்டேன். அவர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நேத்து வலது கைதானே?"

"வலி இந்தப் பக்கம் மாறிடுச்சு சார்."

"அப்போ இது நரம்பு சம்பந்தப்பட்டதும்மா. சாதாரணமா விட்டுடாதே" என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே பயம் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவள் நான், பயப்படுவது அவர். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. நாவல் போகப் போக அவர் சிரிக்க ஆரம்பித்தார். புருஷன் மேம்பாலத்தின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் ஹாரன் அடிப்பவர்களிடம் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்கும் இடத்தில், சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப அதையே முதலிலிருந்து வாசித்தார். எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி அடிக்கடி மேசைக்கு வந்தது.

"உன் சாயல் நிறைய இருக்கும்மா" என்றார் ஒருநாள். "உன்னைப் படிச்சுப் படிச்சு எழுதியிருக்கான். ஆனா நீ பண்ற தப்பைப் பண்ணல."

"நான் என்ன தப்பு பண்றேன்?"

"அழ வேண்டிய இடம் வந்தா ஒரு ஜோக் சொல்லிட்டு நழுவிடுவே. இந்த ஆள் நழுவல. அங்கயே நிக்கறான்."

இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லாததை வேறு யாரையோ பாராட்டும் சாக்கில் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோதுதான், பாராட்டு வாங்கியதும் நான்தானே என்று நினைவு வந்தது.

இதற்கு நடுவே ஏஜென்ட்டிடமிருந்து போன். பெரிய பதிப்பகம் ஒன்று நாவலைக் கேட்கிறது. ரயில் நிலையத்தில், விமான நிலையத்தில், எல்லா ஊர்க் கடைகளிலும் அவர்கள் புத்தகம்தான் முன்னால் இருக்கும். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இது தினம் வர்ற வாய்ப்பு இல்ல" என்றாள். அந்தப் பதிப்பகத்தார் முழுசாகப் படித்தார்களா என்று கேட்டேன். "சுருக்கம் படிச்சாங்க, முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் படிச்சாங்க, அவங்களுக்கு அது போதும்" என்றாள். நாத்தனார் இனிப்பு வாங்கி வந்துவிட்டாள். நான் என் பங்கை வீட்டுக்காரர் பக்கம் தள்ளிவிட்டேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி இரண்டு அத்தியாயம் மிச்சம். அவர் கடைசிக்கு முந்தினதை வாசித்தார். மறுபடியும் அதே மேம்பாலம். புருஷன் ஓட்டுகிறான். அவள் ஒன்றும் சொல்லாமல், தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதான் அத்தியாயம். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். மேசைமேல் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். 

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி அத்தியாயத்தை வாசித்தார். கொட்டாவி வந்தது. இரண்டு கோடு. மறுபடியும் கொட்டாவி.

"அவ காலை எடுத்தா பாரு, அங்கயே கதை முடிஞ்சுபோச்சு" என்றார். "அப்புறம் எதுக்கு இந்தக் கடற்கரை, காத்து, கை கோத்துக்கறது எல்லாம்? படிக்கறவன் மேல நம்பிக்கை இல்ல. புரிஞ்சுதா புரிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டே தெருமுனை வரைக்கும் கூட வர்றான்."

எல்லோரும் பிரமாதம் என்ற அத்தியாயம் அது. அந்த நிமிஷம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. பயந்துபோய் எழுதின அத்தியாயம். ஏஜென்ட், அவளுடைய ஆட்கள், பெரிய பதிப்பகம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்தாலும் இந்த ஒரு கொட்டாவிக்கு ஈடாகாது என்று அப்போது தோன்றியது. சரி, இவருக்கே கொடுத்துவிடலாம், நாலு கடை என்றால் நாலு கடை. முடிவு செய்துவிட்டேன். அவர் போடுகிறேன் என்று சொன்னதும் உண்மையைச் சொல்லிவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது.

"அந்தக் கடைசியை எடுத்துட்டுப் போடலாமா சார்?" என்றேன்.

"போடப் போறதில்ல. வேணாம்னு நேத்தே அந்த ஏஜென்ட் பொண்ணுக்குச் சொல்லிட்டேன். முடிக்காம விட மனசு வரல, அதான் இன்னிக்கும் உன்னை வரச்சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் சார்? நல்லா இல்லையா?"

"நல்லா இல்லைன்னு யார் சொன்னா?" மேசையிலிருந்த தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "கோவிச்சுக்காதம்மா. நீ எழுதின எல்லாத்தையும்விட நல்லா இருக்கு."

"அப்போ போட வேண்டியதுதானே?"

"எப்படிப் போடறது? முழுக்க உன் சாயல். நீ கை முடியாம உக்காந்திருக்கே. இந்த நேரத்துல உன்னை மாதிரியே, உன்னைவிட நல்லா எழுதற ஒருத்தனை நான் கொண்டாந்து நிறுத்தினா, நாளைக்குக் கை சரியாகி வர்றப்போ உனக்கு எழுதணும்னு தோணுமா? நாற்காலில வேற ஆள் உக்காந்திருக்குன்னு திரும்பிப் போயிடுவே."

"எனக்காக ஒரு நல்ல நாவலை வேணாம்பீங்களா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது, நிஜமான கோபம். "அந்த ஆள் என்ன பாவம் பண்ணினாங்க? எத்தனை கஷ்டப்பட்டு எழுதியிருப்பாங்க? உங்க பாசத்துக்கு அவங்க நாவலா பலி?"

"அந்த ஆளுக்கு என்ன குறைச்சல்? இப்படி எழுதறவனுக்கு ஆயிரம் கதவு திறக்கும். உனக்கு என்னை விட்டா யாரும்மா இருக்கா?"

அவரைப் பற்றி நான் நாத்தனாரிடம் சொன்ன அதே பேச்சு. அவர் என்னைப் பற்றி அதையே நினைத்துக்கொண்டு, அதற்காக ஒரு நல்ல நாவலையும் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"சார், அது என் நாவல்."

அவர் அடுக்கின தாள்களைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"ஏஜென்ட்டுக்கு நீதான் குடுத்தியா?"

"ஆமா சார்."

"அப்போ கை வலி?"

"இல்ல சார். வலியே இல்ல."

"டாக்டர் எழுதக் கூடாதுன்னாரே."

"எங்க டாக்டர் கண்ணைத் தவிர எதையும் பார்க்க மாட்டார் சார்."

"ரெண்டு கையும் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்பாடா" என்றார். "நரம்புன்னு நினைச்சு நான் தூங்கவே இல்லம்மா."

திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அப்பாடா என்பவரிடம் என்ன பேச? ஒரு ஜோக் சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. பட்டை கட்டின கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே போடுங்க சார்" என்றேன். "ஏஜென்ட்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

பெரிய பதிப்பகத்தின் பெயரைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"அவங்களுக்கே குடு."

"சார்."

"பாசத்துக்குப் பலி குடுக்காதீங்கன்னு இப்பத்தானே சண்டை போட்டே? எழுதினது நீன்னு தெரிஞ்சதும் அந்த நியாயம் மாறிடுமா? நான் போட்டா நாலு கடை. காருக்கு நாலு ஜன்னல் வேற இருக்கு, என் மைத்துனனுக்குக் கொண்டாட்டம்." கொஞ்சம் சிரித்தார். பிறகு தாள்களை உறையில் போட்டு என் முன்னால் வைத்தார். "போட மாட்டேன்மா. எடுத்துட்டுப் போ."

எத்தனையோ கெஞ்சினேன், அதட்டினேன். அசையவில்லை. ஒரே நாவலை, ஒரே மேசையில், ஒரே மனுஷன் இரண்டு தடவை வேண்டாம் என்றார். முதல் தடவை அது என்னுடையது இல்லை என்று நினைத்து, இரண்டாவது தடவை அது என்னுடையதுதான் என்று தெரிந்து. இரண்டு தடவையும் எனக்காக. உறையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

டயர் கடை வாசலில் நின்று ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். பெரிய பதிப்பகத்துக்குச் சரி என்று சொல்லச் சொன்னேன். அவள் சந்தோஷத்தில் என்னென்னவோ சொன்னாள். எல்லாம் நல்லபடியாகத்தான் சொன்னாள், பாவம்.

"ஒரே ஒரு மாற்றம்" என்றேன். "கடைசி அத்தியாயத்தை எடுத்துடுங்க."

"அதுதானே எல்லாருக்கும் பிடிச்சது? யார் எடுக்கச் சொன்னது?"

"என் பதிப்பாளர்."

"எந்தப் பதிப்பாளர்? அவங்களோட நாம இன்னும் கையெழுத்தே போடலையே?"

கடைக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

"எனக்குப் பதிப்பாளர் ஒருத்தர்தான்" என்றேன். "அவர் போட மாட்டேங்கறார், அவ்வளவுதான்."